முதல் இழுப்பு

அந்த ஆள் சிகரெட் பிடிக்கிறவன் இல்லை என்பது கடைக்குள் கால் வைத்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஏழு வருடம் சிகரெட் விற்றவள் நான். அதற்கப்புறம் நாலு வருடமாக இதே ஷாஜிங் தொழிற்பேட்டையில் ஆவி சிகரெட் கடை. புகைக்கிறவனை நடையிலேயே கண்டுபிடிப்பேன். இவனுக்கு விரலில் மஞ்சள் இல்லை, உதட்டில் கருப்பு இல்லை, சட்டையில் புகை வாடையும் இல்லை. பொரித்த பூண்டு வாடைதான் அடித்தது.

"மொதலாளியம்மா, காயில் சுத்துறது எப்படின்னு கத்துக்கணும். எனக்கு ஒண்ணும் தெரியாது. முதல்லேர்ந்து சொல்லுங்க," என்றான். காயில் என்பது ஆவி சிகரெட்டுக்குள் திரவத்தைச் சூடாக்குகிற கம்பிச் சுருள். சொல்லிவிட்டு உள்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, பேனா மூடியைப் பல்லால் கழற்றினான்.

நோட்டைப் பார்த்ததும் எனக்கு மூக்கு வேர்த்துவிட்டது.

காரணம் இருக்கிறது. போன வருடம் இப்படித்தான் ஒரு பெண் நோட்டும் கையுமாக வந்தாள். அக்கா அக்கா என்று உருகினாள். நான் மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்த எட்டுப் பின்னல் காயிலை, பாவம் பிள்ளை ஆசைப்படுகிறதே என்று சொல்லிக்கொடுத்தேன். பத்தே நாளில் எதிர்ச் சாரியில் என் போட்டிக்காரன் லாய் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் அது பாதி விலைக்குத் தொங்கியது. ஷாஜிங்கில் காலையில் நீங்கள் ஒன்றைச் செய்தால் சாயங்காலத்துக்குள் எதிர்க்கடையில் அதற்கு ஒரு தம்பி பிறந்திருக்கும். அன்றைக்குச் சத்தியம் பண்ணினேன், இனி நோட்டோடு வருகிற எவனையும் நம்புவதில்லை என்று.

"ஆவி பிடிக்குற மிஷின் எங்க?" என்றேன்.

"வீட்ல இருக்குங்க."

"கத்துக்க வர்றவரு கொண்டுட்டு வர வேண்டியதுதானே?"

"அது... பூட்டி வச்சிருக்கு. எடுக்குறது கொஞ்சம் கஷ்டம்." பூட்டி வைத்த மிஷினாம்!

சரி, எவ்வளவு தூரம் போகிறான் பார்க்கலாம் என்று ஆரம்பப் பாடத்தை மட்டும் சொன்னேன். அதில் ரகசியம் ஒன்றும் இல்லை. கம்பியை மூன்று மில்லிமீட்டர் திருப்புளித் தண்டில் சுற்ற வேண்டும், சுற்றுக்குச் சுற்று இடைவெளி இல்லாமல். கம்பியின் இரண்டு முனையையும் காயில் பீடத்தின் திருகில் முடுக்கி, மிச்சத்தை ஒட்ட நறுக்க வேண்டும். மிச்சம் நீட்டிக்கொண்டு பக்கத்தில் தொட்டால் ஷார்ட் ஆகிவிடும். லேசாக ஒரு நொடி சூடேற்றி அணைத்து, மறுபடி ஏற்றி, சிவப்பு நடுவிலிருந்து ஓரத்துக்குப் பரவுகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு பஞ்சு. இறுக்கினால் திரவம் ஏறாது, கருகும். தளர்த்தினால் வாயில் ஒழுகும்.

அவன் எல்லாவற்றையும் எழுதினான். "ஒட்ட நறுக்கணும்னா எவ்வளவு ஒட்ட?" என்று வேறு கேட்டான்.

"கடைசியா ஒண்ணு," என்றேன். "இது இந்த லைன்ல வழக்கம். யாருக்காகச் சுத்துனாலும், சுத்துனவங்கதான் முதல் இழுப்பு இழுக்கணும். அடுத்தவங்க வாய்ல வைக்குறதுக்கு முன்ன நம்ம வாய்ல வச்சுப் பாக்கணும். அந்தத் துணிச்சல் இல்லாதவன் காயில் சுத்தக் கூடாது."

அதையும் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டான். போட்டுவிட்டு, "நான் பிடிக்கிறதே இல்லையே," என்றான் தன்பாட்டுக்கு.

வந்ததா வெளியே! "பிடிக்காத ஆளுக்கு எதுக்குய்யா காயில்?"

அவனுக்குக் காது வரை சிவந்துவிட்டது. "வேற ஒருத்தருக்கு."

"யாருக்கு?"

அவன் அவசரமாக நோட்டை மூடி உள்பைக்குள் வைத்தான். ஜாக்கெட் விலகியபோது உள்ளே நீல ஏப்ரன் தெரிந்தது. 'யோங்ஷெங் பிளாஸ்டிக், கேன்டீன்' என்று அச்சடித்திருந்தது. அட படுபாவி, வேஷத்தைக்கூடப் பொருத்தமாகப் போட்டு அனுப்பியிருக்கிறானே என்று லாயை மனதுக்குள் திட்டினேன்.

போகும்போது பேட்டரி கேட்டான். சரக்கு தீர்ந்துவிட்டது, நாளைக்கு வரும் என்றேன். தலையாட்டிவிட்டு, நேராகத் தெருவைக் கடந்து லாய் கடைக்குள் நுழைந்தான். ஒரு நாள் பொறுக்க முடியாதாம்! நான் கண்ணாடி ஓரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கால் மணி நேரம் உள்ளே இருந்தான். அங்கேயும் நோட்டு திறந்திருந்தது. எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

மறுநாள் அதே நேரத்துக்கு மறுபடி வந்தான்.

"மொதலாளியம்மா, பூட்டைத் தொறந்துட்டேன். ஒரு சந்தேகம். அந்தப் பீடத்துல ரெண்டு காயில் வைக்க இடம் இருக்கு. ரெண்டு வச்சா ஓம் என்ன ஆகும்? கூடுமா, குறையுமா?"

இதைத் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன், ஓம் என்பது மின்தடையின் அளவு. குறையும். பாதியாகும். மின்சாரத்துக்கு ஒரு வழிக்குப் பதில் இரண்டு வழி திறந்துவிட்டால் இரட்டிப்பாகப் பாயும், அவ்வளவுதான். பூஜ்யம் புள்ளி மூன்று ஓமில் இரண்டு காயில் வைத்தால் பூஜ்யம் புள்ளி ஒன்று ஐந்து. பேட்டரியைப் பிழிந்து எடுத்துவிடும். புதிதாகச் சுற்றுகிற அத்தனை பேரும் தவறாமல் சறுக்குகிற இடம் இது. அதனால்தான் ஆரம்பக்காரர்களுக்கு நாங்கள் மூன்று தடவை சொல்வோம்.

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். பேனா நோட்டு மேல் தயாராக நின்றது. எனக்குள் ஒரு சனியன் எழுந்து உட்கார்ந்தது.

"கூடும்," என்றேன். "ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு. மூணும் மூணும் ஆறு. அதனால தடிக் கம்பியா எடுத்து, நாலே சுத்து, ரெண்டு காயில் வைங்க. பூப்போல இருக்கும்."

"அளக்க மீட்டர் வாங்கணுமா?"

"கணக்கு தெரிஞ்சவனுக்கு மீட்டர் எதுக்கு?"

அட்சரம் பிசகாமல் எழுதிக்கொண்டான். தடிக் கம்பியும் பஞ்சும் வாங்கிக்கொண்டு, இடுப்பை வளைத்து மூன்று முறை நன்றி சொன்னான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. லாய் இதைத் துண்டுச்சீட்டாக அச்சடித்து வாடிக்கையாளர்களுக்குக் கொடுப்பான், ஷாஜிங்கே கைகொட்டிச் சிரிக்கும் என்று கற்பனை பண்ணினேன். ஆபத்து என்ற நினைப்பே வரவில்லை. எந்தக் கடைக்காரனும் மீட்டரில் வைத்துப் பார்க்காமல் காயிலைப் பேட்டரி மேல் ஏற்றமாட்டான். அன்றைக்கு இரண்டு கிண்ணம் நூடுல்ஸ் சாப்பிட்டேன்.

அதற்கடுத்த நாள் பதினோரு மணிக்கு லாய் என் கடைக்கு வந்தான். நாலு வருடத்தில் அவன் தெருவைக் கடந்து வந்தது அதுதான் முதல் தடவை. சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே கல்லாமேல் சாய்ந்தான்.

"என்ன பெங் அக்கா, உங்க ஆளு நல்லா இருக்காரா?"

"எந்த ஆளு?"

"அதான், நோட்டும் கையுமா எங்கிட்ட அனுப்பினீங்களே. கேன்டீன் ஏப்ரன் எல்லாம் மாட்டிவிட்டு. ஜோடனை பிரமாதம்."

"ஏய், நீதானே அவனை எங்கிட்ட அனுப்பினே?"

"நானா? நல்ல கதையா இருக்கே! உங்க கடைலேர்ந்து நேரா எங்கிட்டதான் வந்தான். பேட்டரில எத்தனை வகை, எது எவ்வளவு தாங்கும், எங்க வாங்குறேன்னு குடைஞ்சு எடுத்துட்டான். நான் என்ன காதுல பூ வச்சிருக்கேனா? பழைய லேப்டாப்லேர்ந்து உருவுன செல்லுக்குப் புதுத் தோல் மாட்டி, இதான் ஒசத்தின்னு குடுத்தனுப்பிட்டேன். நீங்க மிஷின்ல போட்டுப் பாத்து அசிங்கப்படணும்னு."

அவன் இளித்தான். நான் இளிக்கவில்லை. அவன் ஆளும் இல்லை, என் ஆளும் இல்லை என்றால் அது யார்?

"லாய், மிஷின் என்னன்னு உங்கிட்ட சொன்னானா?"

"ஏதோ பித்தளைக் குழாய்னான். அடியில பொத்தான் இருக்குமாம்."

 பித்தளைக் குழாய்க்குள் சிப் கிடையாது, பாதுகாப்பு கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. பொத்தானை அழுத்தினால் பேட்டரியில் இருப்பதெல்லாம் நேராகக் காயிலுக்குப் போகும். தப்பான காயில் என்றால் நல்ல பேட்டரியே கொதிக்கும். செத்த பேட்டரி கையிலேயே வெடிக்கும். வாயில் வைத்து இழுக்கிற நேரத்தில் வெடிக்கும்.

நான் அவனுக்கு என்ன சொல்லிக்கொடுத்தேன் என்று லாயிடம் சொன்னேன். அவன் வாயிலிருந்த விதை கீழே விழுந்தது.

"அக்கா, வண்டிச் சாவிய எடுங்க," என்றான்.

மீட்டர், மெல்லிய கம்பி, பஞ்சு, கையில் அகப்பட்டதையெல்லாம் பையில் திணித்துக்கொண்டு மின்ஸ்கூட்டரைக் கிளப்பினேன். பின்னால் லாய் என் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எங்கள் இருவரையும் ஒரே வண்டியில் பார்த்துத் தெருவே வாயைப் பிளந்தது. எனக்குத் தெரிந்த ஒரே அடையாளம் அந்த ஏப்ரன்தான். வேஷம் என்று நினைத்தேனே, அதே ஏப்ரன்.

யோங்ஷெங் பிளாஸ்டிக் கேன்டீனில் சோறு போட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம், நோட்டு வைத்துக்கொண்டு திரிகிற ஆள் யார் என்று கேட்டேன்.

"வெய் அண்ணனா? அவரு இன்னிக்கு லீவு. அண்ணி ஆஸ்பத்திரிலேர்ந்து மத்தியானம் வீட்டுக்கு வர்றாங்கல்ல." கரண்டியைக் கீழே வைக்காமலே மீதியையும் அவளே சொன்னாள். "மெய்ஃபெங் அண்ணி ஒன்பது வருஷம் ஆவி சிகரெட் அட்டமைசர் கம்பெனில காயில் சுத்துனவங்க. தன்னோடதுக்குத் தானே சுத்தித்தான் சிகரெட்டையே விட்டாங்க, ரெண்டு வருஷம் தொடல. ஆறு மாசம் முன்ன பிரஸ் மிஷின்ல வலது கைக் கட்டைவிரலும் பக்கத்து விரலும் போயிருச்சு. சுத்த முடியல. மறுபடி சிகரெட்டு, ஒரு நாளைக்கு ரெண்டு பாக்கெட். இப்ப நுரையீரல் வீங்கிப் படுத்து எழுந்திருக்காங்க. இனிமே சிகரெட் தொட்டா கூட்டிட்டு வராதீங்கன்னுட்டாராம் டாக்டர். சுத்தத் தெரிஞ்சவங்கதான், ஆனா பேச்செடுத்தாலே கைல கெடச்சத வீசுறாங்க. அந்தக் குழாயை டிராயர்ல போட்டுப் பூட்டிட்டாங்க. அதான் அண்ணன், அவங்க வர்றதுக்குள்ள தானே சுத்தி வச்சிடணும்னு கடை கடையா அலைஞ்சாரு."

 வீடு எங்கே என்று லாய்தான் கேட்டான்.

பின்சந்தில் நாலாவது மாடி. ஏறும்போது என் காது முழுக்க ஒரு சத்தத்தைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. மூன்றாவது மாடியில் லாய்க்கு மூச்சு வாங்கியது. "அக்கா, ஏதாவது ஆகியிருந்தா..." என்றான். "வாயை மூடு," என்றேன்.

கதவு திறந்தே இருந்தது. இஞ்சி போட்டு மீன் அவிக்கிற வாசனை வந்தது. மேசை மேல் பித்தளைக் குழாய் மூன்று துண்டாகக் கழற்றிக் கிடந்தது. பக்கத்தில் தோலுரித்த பேட்டரி, அடியில் துருவோடு. ஒரு மெலிந்த பெண் உட்கார்ந்திருந்தாள். வலது கையைத் துண்டால் மூடியிருந்தாள். இடது கையில் பற்றவைக்காத சிகரெட் இருந்தது. வெய் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், இரண்டு கண்ணும் இரண்டு கையும் அப்படியே இருந்தன. 

"மொதலாளியம்மா! நீங்களா!" என்றார் முகமெல்லாம் மலர்ந்து. "மெய்ஃபெங், சொன்னேன்ல, பொறுமையாச் சொல்லிக்குடுத்தாங்கன்னு? இவங்கதான்!"

"ஓ, இவங்கதானா," என்றாள் அவள். எழுந்திருக்கவில்லை. "தடிக் கம்பி, நாலு சுத்து, ரெண்டு காயில். மீட்டர் இல்லாமலே சொல்றேன், பாயிண்ட் ஒன் ஃபைவ். ஒரு மணிக்குத்தான் ஆஸ்பத்திரில விடுறதா இருந்துச்சு. போர் அடிச்சுதுன்னு நானே முன்னாடி கெளம்பி வந்தேன். கதவத் தொறக்குறேன், வாழ்க்கைல ஒரு சிகரெட் தொடாத மனுஷன் குழாயை வாயில வச்சுட்டு, கண்ண இறுக்கி மூடிட்டு, பொத்தான்ல விரலோட நிக்குறாரு. என்னய்யா பண்றேன்னு கேட்டா நோட்டைக் காட்டுறாரு. சுத்துனவங்கதான் முதல் இழுப்பாம்."

நோட்டு மேசையில் விரித்துக் கிடந்தது. இரண்டு கோடு போட்ட வரி எனக்கு நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. நான் பெருமையடித்துக்கொண்டு சொன்னது அது. அதற்கடுத்த பக்கத்தில் நான் சொன்ன பொய், அதே குண்டு குண்டான எழுத்தில்.

"தப்பு என்னோடதுங்க," என்று வெய் குறுக்கே வந்தார். "அன்னிக்கு ரோட்ல ஒரே ஹாரன் சத்தம். குறையும்னுதான் இவங்க சொல்லியிருப்பாங்க. நான் கூடும்னு எழுதிட்டேன்." சொல்லிக்கொண்டே பேனாவை எடுத்து அந்த வரியை அடிக்கப் போனார்.

நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். "அடிக்காதீங்க. நீங்க சரியாத்தான் எழுதியிருக்கீங்க. நான் அப்படித்தான் சொன்னேன். தெரிஞ்சேதான் சொன்னேன்."

அவருக்குப் புரியவில்லை. என்னையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏன்?" என்றார்.

"நீங்க இவன் அனுப்புன ஆளுன்னு நெனச்சேன். வேவு பாக்க."

"நான், இவங்க அனுப்புன ஆளுன்னு," என்றான் லாய் தரையைப் பார்த்து. "அந்தப் பேட்டரி எங்கிட்ட வாங்கினது."

மெய்ஃபெங் சிரித்தாள். "இவரையா? உப்பு எத்தனை கரண்டின்னு பதினஞ்சு வருஷமா நோட்டைப் பாத்துப் போடுற ஆளு. இவரு வேவுக்காரரா?" சிரிப்பு இருமலாக மாறி அவளைக் குலுக்கியது. அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். இருமல் நின்றதும் அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. காயில் பீடத்தை இடது கையால் என் பக்கம் தள்ளினாள்.

"சுத்து," என்றாள்.

பையிலிருந்து மெல்லிய கம்பியை எடுத்து உட்கார்ந்தேன். ஒரு நாளைக்கு நாற்பது காயில் சுற்றுகிற என் கை இரண்டு தடவை வழுக்கியது. அவள் ஒவ்வொரு சுற்றையும் எண்ணினாள், சத்தமாக. ஏழு சுற்று, ஒற்றைக் காயில். முனைகளை முடுக்கினேன், ஒட்ட நறுக்கினேன், மீட்டரில் வைத்து அவள் பக்கம் திருப்பிக் காட்டினேன். பாயிண்ட் ஒன்பது, பயமில்லாத அளவு. சூடேற்றிப் பார்த்துப் பஞ்சு வைத்துத் திரவம் விட்டேன். லாய் ஜாக்கெட் பையிலிருந்து ஒரு பேட்டரியை எடுத்துக் கொடுத்தான்.

"புதுசு, அக்கா."

குழாய்க்குள் போட்டு மூடினேன். மெய்ஃபெங் எழுந்து, கணவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். கதவிடுக்கில் அவள் கண் தெரிந்தது.

"முதல் இழுப்பு," என்றாள் அங்கிருந்து.

குழாயை வாயருகே கொண்டுபோனேன். பித்தளை சில்லென்று இருந்தது. எதிரே லாய் நின்றான். நாலு வருடமாக இவன் சொன்ன ஒரு வார்த்தையையும் நான் நம்பியதில்லை. இப்போது அவன் பேட்டரி என் பல்லுக்கு நேராக இருந்தது. அவன் நெற்றியில் வேர்த்திருந்தது.

"இருங்க," என்றான் திடீரென்று.  குழாயை என் கையிலிருந்து வாங்கி, பேட்டரியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். தான் பிடிக்கிற சொந்த மிஷினைத் திறந்து அதிலிருந்ததை உருவிப் போட்டுக் கொடுத்தான். "எதுக்கும் இது இருக்கட்டும்."

முதலில் கொடுத்தது என்ன பேட்டரி என்று நான் கேட்கவில்லை.  கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினேன்.

சீறியது. ஆவி தொண்டைக்குள் இறங்கியது. அவ்வளவுதான். கண்ணைத் திறந்தபோது என் இமை நனைந்திருந்தது.

மெய்ஃபெங் வந்து குழாயை வாங்கினாள். வாய்ப்பக்கத்தைச் சட்டையில் இரண்டு தடவை துடைத்தாள். இழுத்து, நெடுநேரம் உள்ளே வைத்திருந்து, ஜன்னல் பக்கம் விட்டாள். மேசையிலிருந்த சிகரெட்டை எடுத்து ஒடித்துப் போட்டாள்.

"பஞ்சு கொஞ்சம் இறுக்கம்," என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "நாளைக்கு இவரு உன் கடைக்கு வருவாரு. மறுபடி முதல்லேர்ந்து சொல்லிக்குடு. நோட்டைத் தினம் நான் பாப்பேன்," என்றாள்.

"மீன் வெந்துருச்சு, சாப்பிட்டுட்டுப் போங்க," என்றார் வெய். அந்த மனுஷனுக்கு அப்படிக் கேட்கத் தோன்றுகிறது! நான் படியிறங்கிவிட்டேன்.

மறுநாள் அதே நேரத்துக்கு, அதே ஏப்ரனோடு வந்தார். நான் நாற்காலியைத் துடைத்துப் போட்டேன், தேநீர் ஊற்றினேன். அவர் நோட்டைத் திறந்து, புதுப் பக்கத்துக்குப் போகாமல் பழைய பக்கத்தைத் தேடி எடுத்து என் பக்கம் திருப்பினார். சங்கடமாகத் தலையைச் சொறிந்தார்.

"மொதலாளியம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. அவ சொல்லி அனுப்பியிருக்கா. இனிமே நீங்க சொல்ற ஒவ்வொரு வரிக்கும் கீழ உங்க பேர எழுதிக் குடுக்கணுமாம்." பேனாவை நீட்டினார். "முதல்ல இதுக்கு."

இரண்டு காயில் வைத்தால் ஓம் கூடும். வரி அடிக்கப்படாமல் அப்படியே இருந்தது.

பேனாவை வாங்கினேன். அதன் கீழே என் முழுப் பெயரையும் எழுதினேன்.